பதினாலு அணா அரிப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி என் மாமியார். வயது 74. ஊர் காங்கேயம் பக்கம். பத்து வருஷமாக இரத்த அழுத்தத்துக்கு ஒரே மாத்திரை, சர்க்கரை கிடையாது. கார்த்திகை பிறந்ததிலிருந்து கை, கால், இடுப்பு, முதுகு எல்லாம் அரிப்பு. நான் கிராம சுகாதாரச் செவிலியராக 31 வருஷம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். ஊரார் வீட்டுப் பிள்ளைகளின் விரலிடுக்கையெல்லாம் விரித்துப் பார்த்திருக்கிறேன். என் வீட்டுக்குள் இருந்த அரிப்பை மூன்றாவது மாதம்தான் விசாரித்தேன். அந்தக் குறை இன்னும் மனசில் இருக்கிறது. அதனால் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

தை மாதம் ஒரு ராத்திரி, மணி மூன்று இருக்கும். தண்ணீர் குடிக்க எழுந்தபோது அத்தை அறையிலிருந்து எதையோ தேய்க்கிற சத்தம். எட்டிப் பார்த்தால், கதவு நிலையில் முதுகை வைத்து மேலும் கீழும் உரசிக்கொண்டு நிற்கிறார். "மாடு கல்லுல உரசற மாதிரி உரசிட்டு நிக்கறேன் கண்ணு. நீ போய்ப் படு" என்றார்.

மறுநாள் காலை வெயில் வந்ததும் திண்ணையில் உட்காரவைத்துக் கேட்டேன். ஆஸ்பத்திரியில் அரிப்பை அளக்க, பத்துக்கு எத்தனை என்று கேட்பார்கள். அந்தக் கணக்கு அவருக்குப் பிடிபடவில்லை. "ரூபாய்க்கு எத்தனை அணாவுங்க அத்தை?" என்று மாற்றிக் கேட்டதும் பதில் உடனே வந்தது. "காலு பத்தணா. கை எட்டணா. முதுகு பதினாலணா." பதினாறு அணா, அதாவது முழு ரூபாய் என்பது தாங்கவே முடியாத அரிப்பு என்று இருவரும் பேசி வைத்துக்கொண்டோம். அன்றிலிருந்து ஒரு பழைய நோட்டில் தினமும் மூன்று எண்கள் எழுதினேன். இந்த ஆய்வுக்கு ஆதாரம் அந்த நோட்டுத்தான்.

மூன்று மாதமாக நடந்த வைத்தியம்

அத்தை சும்மா இருக்கவில்லை. வேப்பிலையும் மஞ்சளும் போட்டுக் கொதிக்கவைத்த தண்ணீரைக் கை பொறுக்கிற சூட்டில் ஊற்றிக் குளித்திருக்கிறார். ஊற்றும்போது அரிப்பு அப்படியே அடங்குமாம். அரை மணி நேரத்தில் இரண்டு பங்காகத் திரும்புமாம். அதை அடக்க மறுபடியும் குளியல். மார்கழியில் ஒரு நாளைக்கு மூன்று முறை வரை போயிருக்கிறது. உடம்பில் அழுக்கு இருப்பதால்தான் அரிக்கிறது என்று நினைத்துக் கிருமிநாசினி சோப்பு, நார் போட்டுத் தேய்ப்பு. செவ்வாய், வெள்ளியில் எண்ணெய் வைத்துச் சீயக்காய் போட்டு முழுக்கு. எலுமிச்சம்பழத்தைப் பாதியாக அறுத்து உப்புத் தொட்டுத் தேய்த்ததில் காலெல்லாம் எரிந்து, அதை மட்டும் இரண்டு நாளில் விட்டுவிட்டார்.

சொந்தக்காரர் ஒருவர் மருந்துக்கடையில் சொல்லி ஒரு டியூப் வாங்கி வந்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். குளோபெட்டசால் என்கிற கடுமையான ஸ்டீராய்டும், பூஞ்சை மருந்தும், ஆன்டிபயாட்டிக்கும் கலந்தது. 18 நாள் போட்டிருக்கிறார். ஸ்டீராய்டு களிம்புகளில் 14 வகையை மருத்துவர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று 2018-இலேயே மத்திய அரசு உத்தரவு போட்டாயிற்று. ஆனாலும் கேட்டால் கிடைக்கிறது. இப்படிப்பட்ட டியூப் படர்தாமரையில் பட்டால் மேலே சிவப்பு மட்டும் மறைந்து, உள்ளே பூஞ்சை பரவிக்கொண்டே இருக்கும். வயதானவர்களின் தோலை மெலிய வைத்து, லேசாக இடித்தாலே ரத்தம் கட்ட வைக்கும். டியூப்பை அன்றே வாங்கி வைத்துக்கொண்டேன்.

ராத்திரிக்கு ஒரு அலர்ஜி மாத்திரையும் போட்டுக்கொண்டிருந்தார். தூக்கம் வந்தது, அரிப்பு போகவில்லை. உடம்பில் ஹிஸ்டமின் என்கிற ரசாயனம் சுரந்து வருகிற தடிப்புக்குத்தான் அந்த மாத்திரை நன்றாகக் கேட்கும். வறண்ட தோலின் அரிப்பு வேறு நரம்பு வழியில் வருகிறது. தூக்கக் கலக்கத்தோடு எழுந்து பாத்ரூம் போகிற 74 வயதுக்காரருக்கு அந்த மாத்திரையால் நன்மையை விட விழுகிற ஆபத்துத்தான் அதிகம்.

வெளிச்சத்தில் பார்த்தபோது

முழங்காலுக்குக் கீழே, முன்பக்கம். தண்ணீர் வற்றிய குளத்தில் சேறு காய்ந்து வெடிக்குமே, அச்சு அசல் அப்படித்தான் இருந்தது. மெல்லிய வெடிப்புகள் ஒன்றோடொன்று கூடி வலை போலக் கிடந்தன. வெடிப்பின் ஓரம் சிவப்பு. விரலால் லேசாகத் தேய்த்தால் மாவு மாதிரிச் செதில் உதிர்ந்து கறுப்புத் திண்ணையில் வெள்ளையாக விழுந்தது. இடது காலில் இரண்டு இடம் கசிந்துகொண்டிருந்தது. கையின் வெளிப்புறமும் இடுப்புச் சேலைக்கட்டும் சொரசொரப்பு. அக்குளும் முழங்கை மடிப்பும் நன்றாக இருந்தன. முதுகை அன்று காட்டவில்லை. "அதெல்லாம் எதுக்கு" என்று சொல்லிவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை. அது தப்பு என்று பின்னால் தெரிந்தது.

விரலிடுக்கு, மணிக்கட்டு, தொப்புள் சுற்றி எதுவும் இல்லை. வீட்டில் வேறு யாருக்கும் அரிப்பு இல்லை. ஆகவே பூச்சியால் தொற்றுகிற சொறி (ஸ்கேபீஸ்) இல்லை. வட்டமாக, ஓரம் தடித்துப் படர்ந்த புண் எங்கும் இல்லை. கண்ணில் மஞ்சள் இல்லை, எடை குறையவில்லை, புதிதாக மாத்திரை எதுவும் சேர்க்கவில்லை. ஆனாலும் ஆறு வாரத்தைத் தாண்டின அரிப்பை வெறும் கண்ணால் பார்த்து முடிவு கட்டக் கூடாது. சிறுநீரகம், கல்லீரல், தைராய்டு, இரும்புச்சத்துக் குறைவு, ரத்த நோய்கள் எல்லாம் முதலில் அரிப்பாகவே தலைகாட்டலாம். தோல் மருத்துவரிடம் அழைத்துப்போனேன். ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக வந்தது. வயதில் வருகிற தோல் வறட்சி, அதன் மேல் வெடிப்புப் புண் என்று சொன்னார். கசிந்த இரண்டு இடத்துக்கு மட்டும் ஏழு நாளைக்கு ஒரு மிதமான களிம்பு எழுதிக் கொடுத்தார். அதையும் இங்கே சொல்லியாக வேண்டும். எல்லாம் கைவைத்தியத்தில் போனது என்று எழுதினால் அது பொய்.

களம் ஏன் வெடித்தது

எங்கள் பக்கம் கொப்பரை காயவைக்கிற மண்களத்தைச் சாணி போட்டு மெழுகுவார்கள். மெழுகு இருக்கிற வரை களம் கெட்டியாக, ஈரம் பிடித்து, வழவழவென்று இருக்கும். மெழுகு தேய்ந்துபோனால் வெயில் மண்ணின் ஈரத்தை உறிஞ்சும், களம் வெடிக்கும். தோலின் மேல் அடுக்குக்கும் அப்படி ஒரு கொழுப்பு மெழுகு இருக்கிறது. வயதாக ஆக அது சுரப்பது குறைகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்ற பிறகு இன்னும் குறைகிறது. பனிக்காலத்தில் வறண்ட காற்று வேறு. மிச்சம் இருக்கிற மெழுகைச் சுடுதண்ணீரும் சோப்பும் கழுவிக்கொண்டு போகின்றன. நம் தோல் லேசான அமிலத்தன்மை உள்ளது, பி.எச். 5-ஐ ஒட்டி இருக்கும். கட்டிச் சோப்பு 9, 10 என்று காரமாக இருக்கும். எங்கள் ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது. திரிந்து பிசுபிசுவென்று தோலிலேயே படியும்.

அத்தையின் வைத்தியத்தில் வேப்பிலை மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. சூட்டின் மேல்தான் குறை. அப்புறம் எண்ணெய்க் குளியலின் வரிசை மேல். இளம் வயதில், வியர்வையும் எண்ணெய்ப் பசையும் உள்ள உடம்பில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பது சுகமான பழக்கம். ஆனால் 74 வயதுத் தோலில் எண்ணெயை வைத்து, சீயக்காயும் சுடுதண்ணீரும் போட்டு வழித்து எடுத்தால், வைத்த எண்ணெயோடு சொந்த எண்ணெயும் போய்விடுகிறது. எண்ணெய் சரியான பொருள்தான், போடுகிற நேரம்தான் தப்பு. குளித்து முடித்து உடம்பில் ஈரம் இருக்கும்போதே அதைப் போட வேண்டும். தோல் குடித்த தண்ணீர் ஆவியாகிப் போகாமல் எண்ணெய் மூடிக்கொள்ளும். இதைத்தான் நான் இந்த நிகழ்விலிருந்து எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

செய்தது

ஒரு நாளைக்கு ஒரு குளியல், ஐந்தாறு நிமிஷம். தண்ணீர் வெதுவெதுப்பு மட்டும். முழங்கையை விட்டுப் பார்த்தால் சூடு என்றே தோன்றக் கூடாது. கடைசி இரண்டு செம்பு குடிதண்ணீர்க் குழாயில் வந்த நல்ல தண்ணீர். சோப்பும் நாரும் நிறுத்தம். அக்குள், தொடையிடுக்கு, பாதத்துக்கு மட்டும் பச்சைப்பயறு மாவு. கையிலும் காலிலும் மாவுகூட வேண்டாம், தண்ணீர் போதும். அத்தைக்கு இது மனசுக்கு ஒப்பவில்லை. "சோப்புப் போடாத குளிச்சா குளிச்ச மாதிரியா இருக்கும்?" என்று நாலு நாள் கேட்டுக்கொண்டே இருந்தார்.

பழைய வேட்டித் துணியால் ஒற்றி எடுத்து, மூன்று நிமிஷத்துக்குள் தேங்காய் எண்ணெய். ஒரு தடவைக்கு மூன்று தேக்கரண்டி ஆனது. கொப்பரைக்குக் கந்தகப் புகை போடாத செக்கில் கேட்டு வாங்கினோம். முதல் நாள் முழங்கை உட்புறம் ஒரு சொட்டு வைத்து, மறுநாள் வரை பார்த்த பிறகே உடம்புக்குப் போட்டோம். படுக்கப் போகும்போது இன்னொரு முறை, கை காலை நனைத்துவிட்டு. பிலிப்பைன்ஸில் தோல் வறட்சி உள்ள 34 பேரை வைத்துச் செய்த ஒரு ஆய்வு 2004-இல் வெளிவந்தது. ஒரு பாதிக்குத் தேங்காய் எண்ணெய், மறு பாதிக்கு மினரல் ஆயில், தினம் இரண்டு வேளை, இரண்டு வாரம். இரண்டும் ஒரே அளவுக்குத் தோலை ஈரப்படுத்தின. எண்ணெய் எல்லாம் ஒன்றல்ல. ஆலிவ் எண்ணெயைத் தொடர்ந்து தடவினால் பெரியவர்களின் தோல் அரண் பலவீனமாகிறது என்று இங்கிலாந்தில் செய்து 2013-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. விலை கூடியது என்பதற்காக அதைத் தேட வேண்டியதில்லை. ஈரத்தைப் பூட்டி வைப்பதில் வாசலினுக்கு நிகர் இல்லை. ஆனால் அத்தைக்கு அந்தப் பிசுக்குப் பிடிக்காது. பிடிக்காததைத் தினம் இரண்டு வேளை யாரும் பூச மாட்டார்கள்.

சோறு வடித்த கஞ்சி இன்னொன்று. அன்றைய கஞ்சியை ஆறவைத்து, ஒரு வாளிக்கு இரண்டு செம்பு கலந்து, கால்களை அதில் பதினைந்து நிமிஷம் வைக்கச் சொன்னேன். பெல்ஜியத்தில் செய்து 2002-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், அரிசி மாவுச்சத்து கலந்த தண்ணீரில் தினம் இரண்டு முறை பதினைந்து நிமிஷம் வைத்தபோது, சேதமான தோல் ஆறுவது 20 சதவீதம் கூடியது. கடையில் விற்கிற ஓட்ஸ் குளியல் பொடிக்கும் ஏறக்குறைய இதே வேலைதான். புளித்த கஞ்சி வேண்டாம், வெடிப்பில் எரியும்.

ராத்திரி அரிப்பு கிளம்பும்போது கை சும்மா இருக்காது. அதற்கு ஒரு எவர்சில்வர் டம்ளரில் மண்பானைத் தண்ணீர் ஊற்றிக் கட்டில் ஓரம் வைத்தேன். அரிக்கிற இடத்தில் டம்ளரை வைத்து மெதுவாக உருட்ட வேண்டும். குளிர்ச்சியை உணர்கிற நரம்பு விழித்துக்கொண்டால் அரிப்பை அனுப்புகிற நரம்பின் குரல் அடங்கும். தலைவலி பாம் தடவினால் கிடைக்கிற சில்லிப்பும் அந்த வழியில்தான் வேலை செய்கிறது. ஆனால் வெடித்த தோலில் பாம் எரியும், டம்ளர் எரியாது. நகத்தை ஒட்ட வெட்டினேன். கம்பளிக்கு அடியில் நைந்த பருத்திச் சேலையை இரட்டையாக மடித்துப் போட்டேன்.

நாலாவது நாள் ஒரு பயம். எண்ணெய்க் காலோடு ஈரத் தரையில் வழுக்கிச் சுவரைப் பிடித்துத் தப்பித்தார். அரிப்பைப் போக்கப் போய் இடுப்பெலும்பை முறித்திருப்போம். அதற்குப் பிறகு எண்ணெய் போடுவது பாத்ரூமில் இல்லை, கட்டிலில் உட்கார்ந்த பிறகு. பாதத்துக்குக் கடைசியில், உடனே பழைய காலுறை. வயதானவர்களுக்கு எண்ணெய் வைத்தியம் சொல்கிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

முதுகு

ஒன்பதாம் நாள் நோட்டு: கால் ஐந்தணா, கை மூன்றணா, முதுகு பதின்மூன்றணா. பன்னிரண்டாம் நாள் கால் நாலணா, கை இரண்டணா. முதுகு அதே பதின்மூன்று. ஒரே எண்ணெய், ஒரே தண்ணீர், முதுகு மட்டும் ஏன் இறங்கவில்லை? கல்லீரல் முதல் நரம்பு வரை மனசு எங்கெங்கோ ஓடியது. "முதுகுக்கு எண்ணெய் போடறீங்களாங்க அத்தை?" என்று அப்போதுதான் கேட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. "கை எட்டலையே கண்ணு. உன்ர கிட்டச் சொல்றதுக்கு ஒரு மாதிரியா இருந்துச்சு."

எழுபது வயதில் தோள் எவ்வளவு திரும்பும் என்று எனக்குத் தெரியாதா? அன்று சாயங்காலம் கதவைச் சாத்தி, திரும்பி உட்காரச் சொன்னேன். தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அகலத்துக்குத் தோல் கறுத்துத் தடித்து, யானைத்தோல் மாதிரி வரி ஓடியிருந்தது. கதவு நிலையில் மூன்று மாதம் உரசியதன் அடையாளம். சுற்றிலும் பொருக்கு. வெள்ளைத் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பத்து நிமிஷம் போர்த்தி வைத்தேன். எடுத்த கையோடு எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து வைத்தேன். தேய்க்கவில்லை, வைத்து அழுத்தி எடுத்தேன். தடித்த தோலைத் தேய்த்தால் அரிப்பு கிளம்பும். அத்தை கண்ணை மூடிக்கொண்டார். அன்று ராத்திரி நிலையில் சத்தம் இல்லை.

இருபதாம் நாள் முதுகு ஏழணா. முப்பதாம் நாள் மூன்றணா. காலில் வெடிப்பு மூடி, செதில் நின்றது. தடித்த இடம் இளகப் பங்குனி முடிந்து சித்திரை ஆயிற்று.

வேறு நோயாக இருந்திருந்தால்

இதைப் படித்துவிட்டு அரிக்கிற எல்லா உடம்புக்கும் எண்ணெய் வைத்துவிடக் கூடாது என்பது எனக்குப் பெரிய கவலை. சொறிக்குக் காரணம் அரை மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு பூச்சி. 1687-இலேயே இத்தாலியில் போனோமோவும் செஸ்டோனியும் அதை உருப்பெருக்கியில் பார்த்து எழுதிவிட்டார்கள். முதல் தடவை தொற்றினால் அரிப்பு தெரிய நாலிலிருந்து ஆறு வாரம் ஆகும். அதற்குள் வீட்டில் எல்லாருக்கும் போயிருக்கும். ராத்திரியில் அரிப்பு, விரலிடுக்கில் பொரி, வீட்டில் இன்னொருவருக்கும் அரிப்பு. இந்த மூன்றும் சேர்ந்தால் எண்ணெய்ப் புட்டியைத் தொடாமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசிச் சொறி போனதா என்றால், போனதாக ஆய்வே இருக்கிறது. 1992-இல் வெளிவந்தது; 814 பேருக்குப் பூசியதில் 97 சதவீதம் பேருக்கு மூன்றிலிருந்து பதினைந்து நாளில் குணம். அந்தக் கணக்கை நான் மதிக்கிறேன். ஆனால் அது முன்னோட்ட ஆய்வு. சொறிப் பூச்சியைக் கொல்கிற 5 சதவீத பெர்மெத்ரின் களிம்புக்குப் பின்னால் இருக்கிற அளவு சோதனை அதற்கு இல்லை. பெர்மெத்ரினைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை பூசி, எட்டிலிருந்து பதினாலு மணி நேரம் விட்டுக் குளித்து, ஒரு வாரம் கழித்து மறுபடியும் பூச வேண்டும். அதுவும் வீட்டில் இருக்கிற எல்லாரும் ஒரே நாளில். நான் வேலை பார்த்த ஒரு ஊரில் ஐந்து மாதம் ஆறாத சொறியோடு ஒரு குழந்தை இருந்தது. பாட்டி தினமும் வேப்பிலை அரைத்துப் பூசினார், குழந்தைக்கு மட்டும். பாட்டியின் மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தேன், அங்கேயும் பொரி. அந்தக் குழந்தை பாட்டியின் பக்கத்தில்தான் படுத்துத் தூங்கியது.

கண் மஞ்சளானால், சிறுநீர் கறுத்தால், எடை இறங்கினால், ராத்திரியில் வேர்த்துக் கொட்டினால், தோலில் எதுவுமே தெரியாமல் உடம்பெல்லாம் அரித்தால், அங்கேயும் கைவைத்தியம் கிடையாது.

அடுத்த கார்த்திகை

ஒரு சந்தேகம் எனக்கே இருந்தது. நான் வைத்தியம் தொடங்கியது தை கடைசி. மாசியில் பனி குறையும், பங்குனியில் வேர்க்கும். தோல் தானாகவே தேறியிருக்கலாம் அல்லவா? அதனால் நோட்டை மூடாமல் வைத்தேன். அந்த வருஷம் ஐப்பசியில் அடைமழை விட்ட உடனே, அரிப்பு வருவதற்கு முன்பே தொடங்கினோம். கார்த்திகை முழுக்கக் கால் இரண்டணாவைத் தாண்டவில்லை. முதுகு ஓரணா, சில நாள் ஒன்றும் இல்லை.

மார்கழியில் அத்தை தன் மகள் வீட்டுக்குப் போய் ஆறு நாள் இருந்தார். அங்கே கீசர் சுடுதண்ணீர், வாசனை சோப்பு. எண்ணெய்ப் புட்டியை எடுத்துக்கொண்டு போக மறந்துவிட்டார். திரும்பி வந்த அன்று நோட்டில் கால் ஏழணா, முதுகு எட்டணா. எங்கள் முறைக்குத் திரும்பிய ஆறாவது நாள் இரண்டும் மூன்றணாவுக்கு இறங்கின. பனி அந்த ஆறு நாளில் மாறவில்லை. தண்ணீரும் சோப்பும் எண்ணெயும்தான் மாறின. என் சந்தேகம் அத்துடன் தீர்ந்தது.

இப்போது ஊருக்குக் கிளம்பும்போது அத்தை பையில் முதலில் வைப்பது எண்ணெய்ப் புட்டியும் பயத்தமாவு டப்பாவும். முதுகுக்கு எப்படி வைத்து அழுத்த வேண்டும் என்று நாத்தனாரிடம் போனில் சொல்லியிருக்கிறேன். அத்தை தானாகக் கேட்க மாட்டார், நீங்களே கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறேன்.